உம்மாவை முதியோர் குடியிருப்பில் சேர்க்கும் முன்: குற்றாலச் சாரலைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

கடையநல்லூர், தென்காசி, புளியங்குடி, வடகரை என நம் ஊர்களில் பல பெரிய வீடுகளில் இன்று ஒருவர் மட்டுமே இருக்கிறார். பிள்ளைகள் துபையிலும் ரியாதிலும் சென்னையிலும் இருக்க, எழுபதைத் தாண்டிய உம்மாவோ வாப்பாவோ தனியாக நாட்களைக் கழிக்கிறார். "குற்றாலத்துப் பக்கம் நல்ல காற்றுள்ள இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாமா? மார்க்கத்தில் அது குற்றமாகுமா?" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2031-ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது அரசின் கணிப்பு. எனவே இந்தக் கேள்வி நம்மில் பலருடைய வாசலுக்கும் வரும்.

பொறுப்பு இடம் மாறாது

பெற்றோரைப் பற்றிப் பேசும் 17:23-ம் வசனம், அவர்கள் நம்மிடத்தில் முதுமையை அடைவதைக் குறிப்பிடுகிறது. பிள்ளையின் பராமரிப்பிலும் பொறுப்பிலும் இருப்பதையே இது குறிக்கும். வீட்டிலேயே கவனிக்க வழியிருந்தால் அதுவே முதல் வழி. நோயாலோ, ஆளில்லாததாலோ அது முடியாதபோது, அவர்களுடைய சம்மதத்தோடு தகுதியான இடத்தைத் தேடிக்கொடுப்பது குற்றமல்ல. சேர்த்துவிட்டு மறந்துவிடுவதுதான் குற்றம். ஆகவே இடத்தைத் தீர விசாரிப்பதும் பெற்றோருக்குச் செய்யும் கடமையில் ஒரு பகுதிதான்.

முடிவெடுக்கும் முன், வீட்டிலேயே என்ன உதவி கிடைக்கும் என்று பாருங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் படுக்கையில் இருப்போருக்கான வலி நிவாரணக் கவனிப்பும் அதில் உண்டு. பகலில் ஒரு பெண் உதவியாளரும் இரவில் துணைக்கு ஓர் உறவினரும் கிடைத்தால், பல உம்மாக்கள் வீட்டை விட்டு நகர வேண்டியதில்லை.

எந்த வகை இல்லம்?

'முதியோர் இல்லம்' என்ற ஒரே பெயரில் மூன்று வகைகள் கலந்துவிடுகின்றன. ஆதரவற்றோருக்கான இலவச இல்லம் ஒன்று. மாதக் கட்டணத்தில் அறையும் உணவும் தருவது இன்னொன்று. வீட்டை விலைக்கோ நீண்டகாலக் குத்தகைக்கோ தரும் குடியிருப்பு மூன்றாவது. இந்த மூன்றாவது வகை பெரும்பாலும் நடமாட்டம் உள்ளவர்களை மனதில் வைத்தே கட்டப்படுகிறது. எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "உம்மா படுக்கையில் விழுந்தால், அல்லது மறதி நோய் வந்தால், இங்கேயே வைத்துக் கவனிப்பீர்களா? அல்லது அழைத்துப் போகச் சொல்வீர்களா?" இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால், அந்த இடம் நமக்குத் தற்காலிகத் தங்குமிடம் மட்டுமே.

சீசனில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் அடிக்கும்போது குற்றாலத்தில் எந்த இடமும் அழகாகத்தான் தெரியும். ஆனால் அதே மாதங்களில்தான் அருவிகளுக்கு வரும் கூட்டத்தால் சாலைகள் அடைபடுகின்றன. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைப் பக்தர்களின் வாகனங்களும் சேரும். நள்ளிரவில் மாரடைப்பு என்றால் குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம்? அங்கிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் மேலும் சுமார் 55 கிலோமீட்டர். சீசன் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நீங்களே அந்த வழியில் வண்டியில் போய்ப் பாருங்கள்.

சாரல் காலத்தில் தரை ஈரமாகவே இருக்கும். முதியவர்களுக்கு வழுக்கி விழுவதே பெரிய ஆபத்து. குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, கட்டிலருகே அழைப்பு மணி, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ஈரக்காற்று ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அருவி வறண்ட கோடையில் மறுபடியும் போய், தண்ணீர் வசதியையும் மின்தடைக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சொல்லாமல் ஒரு இரவு உணவு நேரத்தில் போவது நல்லது. இரவில் செவிலியர் இருக்கிறாரா, காவலாளி மட்டும்தானா, மாத்திரை கொடுத்ததற்குப் பதிவேடு உண்டா என்று கேளுங்கள். அலுவலர் உடனில்லாதபோது அங்கிருக்கும் இரண்டு முதியவர்களிடம் பேசுங்கள்.

நம் குடும்பங்களுக்கான கேள்விகள்

உம்மாவைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண் உதவியாளர் இரவிலும் இருப்பாரா? இறைச்சி ஹலாலா? ரமலானில் சஹர் உணவு கிடைக்குமா? நோன்பு வைக்க இயலாத நோயாளியை அதற்காக யாரும் வற்புறுத்தாமல் இருப்பார்களா? உளூச் செய்ய உட்கார வசதி உண்டா? வாப்பாவை ஜும்ஆவுக்கு அழைத்துப்போக வண்டி வருமா? மௌத்து நேர்ந்தால் முதலில் யாருக்குத் தகவல் தருவார்கள்? ஊர் ஜமாஅத்துக்கு ஜனாஸாவைக் கொண்டுவரும் ஏற்பாடு யாருடையது? இந்தக் கடைசிக் கேள்விகளைக் கேட்கத் தயங்கினால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அந்த நேரத்தில் தொலைபேசியில் தவிக்க நேரிடும்.

காகிதத்தில் இருக்க வேண்டியவை

கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்வது 2:282-ம் வசனம். முன்பணம் எவ்வளவு, விலகினாலோ மௌத்தானாலோ எத்தனை நாளில் எவ்வளவு திரும்ப வரும், வாரிசுகளில் யார் பெறுவார்கள், ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம் உயரும், தனி உதவியாளருக்கும் டயப்பருக்கும் கூடுதல் தொகை உண்டா, தம்பதியில் ஒருவர் போனால் மற்றவர் நிலை என்ன ஆகிய எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். இல்லம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதா என்பதை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம். முழுத் தொகையும் கட்டும் முன் ஒரு மாதம் தங்கிப்பார்க்க அனுமதி கேளுங்கள்.

இல்லத்துக்குப் போகும் வேளையில் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவாங்கும் பழக்கத்திலும் எச்சரிக்கை தேவை. 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, கவனிப்போம் என்ற நிபந்தனையில் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்துசெய்ய வழிதருகிறது. அப்படி ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரம் ரத்தானதை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் நிலைநிறுத்தியது. ஆயினும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பதுதான் பாதுகாப்பு.

இதே சட்டத்தின்படி பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். தென்காசி மாவட்டத்தில் தென்காசி, சங்கரன்கோவில் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. பிள்ளையில்லாத முதியவரின் சொத்து யாருக்குச் சேரவிருக்கிறதோ, அந்த உறவினருக்கும் இந்தக் கடமை உண்டு. ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, போகப்போகிறவரிடம் கேளுங்கள். அண்ணன் தம்பிகள் வாட்ஸ்அப்பில் முடிவெடுத்துவிட்டு உம்மாவுக்குத் தெரிவிப்பது மஷூரா ஆகாது. அவர் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் திரும்பிவர அவருக்கென்று ஓர் அறை வீட்டில் இருக்கட்டும். சேர்த்த பிறகு தினமும் ஒரு அழைப்பு, விடுமுறையில் முதல் பயணம் அவரிடம், உள்ளூரில் இருக்கும் ஓர் உறவினர் வாரம் ஒருமுறை நேரில் போவது ஆகியவற்றையும் இப்போதே பேசி ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நம்மைச் சிறுவயதில் சுமந்தவர்களை அவர்களது முதுமையில் கண்ணியத்தோடு கவனிக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.