இடுப்பு வலிக்கு ஸ்கான் எப்போது?

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் வெயிலில் மின்னுவது கண்ணுக்கு அழகுதான். ஆனால் பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் நிரப்பித் தலைச்சுமையாகக் கரை சேர்க்கும் பெண்களின் இடுப்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும். அந்தப் பக்கத்துக் கிளியனூரில் பஸ் ஏறினால் ஒரு திசையில் திண்டிவனம், மறு திசையில் புதுச்சேரி. இரண்டு ஊரிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்துக் கொள்ளலாம். எப்போது எடுத்துக் கொள்ள வேண்டும் என்பதுதான் கேள்வி.

பட்டணத்தில் குடித்தனம் செய்யும் உங்களுக்கும் இதே கேள்வி வரும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக் கொள்கிறது. "எதற்கும் ஒரு ஸ்கான் எடுத்துப் பார்த்து விடேன்!" என்கிறார் எதிர் வீட்டு மாமி. அவசரப்படாதீர்கள்!

சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்து விடும். முதல் ஆறு வாரங்களில், அபாய அறிகுறி ஏதும் இல்லாவிட்டால், ஸ்கான் தேவையில்லை என்பது பல நாட்டு வைத்தியர்களும் ஒப்புக் கொண்ட முறை.

"படம் எடுத்தால் என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். பணம் போவது மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1994-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் இருக்கும் வட்டுகள் ஒரு பழுதும் இல்லாமல் இருந்தது நூற்றுக்கு 36 பேருக்குத்தான்! தலை நரைப்பது போல வட்டும் வயதானால் தேய்கிறது. 'டிஸ்க் பிதுங்கியிருக்கிறது' என்று காகிதத்தில் படித்து விட்டு, பயந்து படுத்தே கிடந்தால் வலி நீடிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொண்டு, முடிந்த வரை நடமாடுவதே நல்லது.

தாமதிக்கக் கூடாத வேளை

சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தெரியாமலே கழிந்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கும் மர்ம ஸ்தானமும் மரத்துப் போனாலோ, கால்கள் வலுவிழந்து கொண்டே வந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசுங்குகிறது என்பதற்கு அவை அடையாளம். தாமதித்தால் இழந்த சக்தி திரும்பாமலே போகலாம்.

விடாத ஜுரம், காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருத்தல், இவற்றோடு வரும் முதுகு வலிக்கும் பரிசோதனை சீக்கிரம் வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்பிலும் காசநோய் வருவதுண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், அதைப் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் மருந்தாலேயே குணப்படுத்தலாம் என்று ஆய்வு செய்து காட்டியது. ஆனால் நோயைக் காலத்தில் கண்டு பிடிக்க வேண்டுமே!

வயதானவர்கள் கீழே விழுந்த பின் வலித்தால் முதலில் எக்ஸ்ரே போதும். வலி காலுக்கு இறங்கி, ஆறு வாரச் சிகிச்சைக்கும் அடங்காமல், ஊசியோ ஆபரேஷனோ செய்யலாமா என்று டாக்டர் யோசிக்கும்போது எம்.ஆர்.ஐ. நிச்சயம் உதவும்.

ஸ்கானுக்குப் போகும்போது

இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. பலமான காந்தம் உண்டு. ஊக்கு, கொண்டை ஊசி, நகை எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலிச் சங்கிலியும் இதில் சேர்ந்ததுதான். மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் சரட்டில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிக் கொள்வதுண்டு. இதயத்தில் பேஸ்மேக்கரோ, உடம்பில் வேறு உலோகமோ இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லி விடுங்கள்.

சகோதரிகளே, ஸ்கான் வேண்டுமா என்று டாக்டர் தீர்மானிப்பது நீங்கள் சொல்வதை வைத்துத்தான். "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லி, சிறுநீர் விஷயத்தை வெட்கப்பட்டு மறைத்து விடாதீர்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கூடை சுமப்பவளோ, குடம் சுமப்பவளோ, வெட்கத்தால் தன் கால்களை இழக்கக் கூடாது.