ஆள் இல்லாத வீட்டுக்கு ஆள்

நேபாளத்து மலைக் கிராமங்களில் ‘பர்மா’ என்று ஒரு வழக்கம் உண்டு. பர்மா தேசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்றைக்கு உன் வயலில் நான் வந்து நாற்று நட்டால், நாளைக்கு என் வயலில் நீ வந்து நட வேண்டும். கூலி கிடையாது, ஆளுக்கு ஆள் கைமாற்று. வீடு கட்டும்போது கல் சுமக்கவும் மண் குழைக்கவும் இதே முறைதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பிக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே! நான் போன ஊரில் பல வீட்டு ஆண்கள் கத்தாரிலும் மலேசியாவிலும் அல்லவா இருந்தார்கள்!

2017 ஜனவரி முதல் மே வரை தாதிங் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருந்தேன். 2015 ஏப்ரல் 25-ம் தேதி வந்த பூகம்பத்தில் நேபாளத்தில் ஏறத்தாழ 9 ஆயிரம் பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் அடியோடு விழுந்தன. இரண்டு வருஷம் கழித்தும் தகரக் கொட்டகையில் குடும்பம் நடத்தியவர்கள் ஏராளம். எங்கள் சபையிலிருந்து வாலிபர்களைப் பத்துப் பன்னிரண்டு பேராக, பதினைந்து நாளைக்கு ஒரு குழு என்று உதவிக்கு அனுப்பினார்கள். என் கணவர் கட்டட மேஸ்திரி, அதனால் மேற்பார்வைக்கு அவரைப் போகச் சொன்னார்கள். சமையலுக்கும் கணக்குக்கும் நான். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில், சுனௌலி எல்லை தாண்டி மலேகு வரை பஸ், அப்புறம் ஜீப், கடைசியில் நடை.

அவர் நாள் முழுக்கச் சுவரோடு நிற்பார். ஆகவே யார் எந்த வீட்டுக்கு, எத்தனை பேர், எந்தச் சாமான் என்பதெல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்தேன். காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் குடம் வைத்து வந்த பிறகு முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். சாயங்காலம் கடப்பாரை, மண்வெட்டி, சட்டி, கையுறை எல்லாம் எண்ணி வாங்குவேன். “அக்கா ரேஷன் கடைக்காரி மாதிரி” என்று பையன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். மலை மேல் ஒரு மண்வெட்டி தொலைந்தால் வாங்கி வர ஒரு நாள் ஆகும்.

பெரிய தலைவலி சாப்பாட்டு நேரம். அந்த ஊர் மக்கள் காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு, ஒன்பது பத்து மணிக்கு வயிறு நிறைய பருப்பும் சோறும் சாப்பிட்டு விடுகிறார்கள். மத்தியானம் அவல் மாதிரி ஏதாவது சிற்றுண்டி. மறுபடி சோறு ராத்திரிதான். நம் பிள்ளைகளுக்கோ எட்டு மணிக்கு டிபன், ஒரு மணிக்குச் சாப்பாடு! கொத்தனார் சாப்பிட உட்காரும்போது இவர்கள் சும்மா நிற்பதும், இவர்கள் சாப்பிட வரும்போது அவர் கல்லுக்குக் காத்திருப்பதுமாக முதல் வாரம் பாதி வேலைகூட நடக்கவில்லை. ஒன்பதரைக்குச் சோறு என்று நம் ஆட்களை ஊர் நேரத்துக்கு மாற்றினேன். இட்லி கேட்டு முணுமுணுத்தார்கள். ஜனவரிக் குளிரில் மாவு எப்படிப் புளிக்கும்?

அதைவிடப் பெரிய முணுமுணுப்பு வேலையைப் பற்றி. “நாங்க வீடு கட்ட வந்தோமா, கல்லு சுமக்க வந்தோமா?” என்று ஒரு இன்ஜினீயரிங் மாணவர் கேட்டே விட்டார். “கல்லு சுமக்கத்தான் தம்பி” என்றேன். கல்லும் சேறும் வைத்துக் கட்டும் சுவரில் மூலைக்கல் வைப்பது கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டியது. அதற்கு அந்த ஊர்க் கொத்தனார்களே இருந்தார்கள், பயிற்சியும் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது சித்தாள். எந்த வீட்டில் பர்மாவுக்குத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லையோ, அந்த வீட்டின் சித்தாள்தான் நம் பிள்ளைகள். ‘டோக்கோ’ என்ற கூடையில் கல்லை ஏற்றி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டி அந்த ஊர்ப் பெண்கள் மேட்டில் விறுவிறு என்று ஏறுவார்கள். நம் வாலிபர்கள் அதில் பாதிக் கல்லை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். இரண்டு நாளில் கேள்வி கேட்பது நின்றது.

யார் வீடு முதலில் என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை. சபை ஆட்களுக்கு முதலில் என்று இருந்தால் ஊர் இரண்டாகியிருக்கும். ஊர்க்காரர்கள் கூடி எழுதிக் கொடுத்த வரிசைப்படிதான் போனோம். 2015-ல் வந்த அரசியல் சட்டத்தின்படி அங்கே ஒருவரை மதம் மாற்றுவது குற்றம். வேலை இடத்தில் துண்டுப்பிரதி கொடுக்கக் கூடாது என்பது முதல் நாளே சொல்லப்படும் விதி. ஆராதனை சனிக்கிழமை, அந்த நாட்டின் வார விடுமுறை அதுதான். பூகம்பம் வந்ததும் ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு நாலு நிமிஷம் முன்பு. அந்த ஊர் ஆலயமும் விழுந்திருந்தது. “ஊரில் எல்லோருக்கும் கூரை வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்று போதகர் தகரத்தடியிலேயே ஆராதனை நடத்தினார்.

வரிசையில் நாலாவது வீடு, கணவர் கத்தாரில் இருக்கும் ஒரு தீதியினுடையது. தீதி என்றால் அக்கா. இரண்டு பெண் குழந்தைகள், படுத்த படுக்கையாக மாமியார். அரசாங்கம் வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் கொடுத்தது. நம் பணத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 87 ஆயிரம். அதை ஒரே தடவையில் தரமாட்டார்கள். முதலில் 50 ஆயிரம், அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றரை லட்சம், சுவரைப் பார்த்துவிட்டு 1 லட்சம். விதிப்படி இல்லை என்று இன்ஜினீயர் எழுதினால் அடுத்த தவணை நின்றுபோகும்.

தீதியின் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. இன்ஜினீயர் வந்து சுற்றிப் பார்த்தார். அங்கே கல்சுவர் இரண்டு முகமாக எழும்பும், நடுவே பொடிக்கல். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இடையிடையே குறுக்கே நீளக்கல் போட வேண்டும். இல்லையென்றால் குலுங்கும்போது சுவர் புத்தகம் மாதிரி விரிந்துவிடும். 2015-ல் பல வீடுகள் அப்படித்தான் விழுந்தன. ஒரு பக்கச் சுவரில் மூன்று வரிசைக்கு அந்தக் கல் இல்லை. அந்தப் பக்கத்தைக் கட்டியவர் வயதான ஒரு கொத்தனார். நீளக்கல் தேடிப் போக நேரமில்லை என்று பழைய பழக்கத்தில் விட்டுவிட்டார். “முப்பது வருஷமா கட்டறேன்” என்று அவருக்குக் கோபம். எட்டு நாள் சுமந்த கல்லை இறக்கணுமா என்று நம் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் ஊருக்குத் திரும்ப வேண்டிய குழு அது. முடிந்த வீட்டின் முன் நின்று போட்டோ எடுக்கலாம் என்று ஆசையாக இருந்தார்கள்.

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் தீதியைப் பார்த்தார். “உங்க வீடு, நீங்க சொல்லுங்க.”

தீதி கொத்தனாரிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. தானே போய் மேல் வரிசையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக் கீழே வைத்தார். “என் அத்தையால் ஓட முடியாது” என்றார். அவ்வளவுதான். அப்புறம் யாரும் பேசவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று வரிசையும் இறங்கிவிட்டது. பெரியவரும்தான் இறக்கினார், பாவம். மறுநாள் காலண்டரில் மற்ற வீடுகளை எல்லாம் அடித்துவிட்டு, அத்தனை பேரையும் நீளக்கல் பொறுக்க ஓடைப் பக்கம் அனுப்பினேன். பட்டியலில் ஐந்தாவதாக இருந்த பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று இரண்டு நாள் தவணை கேட்டேன். அவர் தானும் ஒரு டோக்கோ எடுத்துக்கொண்டு ஓடைக்கு வந்துவிட்டார்.

அந்தக் குழு பாதிச் சுவர் முன்தான் போட்டோ எடுத்துக்கொண்டது. நாங்கள் கிளம்பும் முன் கூரைத் தகரம் ஏறிவிட்டது. கடைசித் தவணையும் கிடைத்ததாக மழைக்காலத்தில் போதகர் போனில் சொன்னார்.

உங்கள் சபையிலிருந்தோ சங்கத்திலிருந்தோ இப்படி யாராவது கிளம்பினால், பழைய துணி மூட்டை வேண்டாம். அங்கே அது குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். தடித்த கையுறை ஆளுக்கு மூன்று ஜோடி, காயத்துக்குப் போடும் மருந்து, தூக்குக்குண்டு, ரசமட்டம், இவை போதும். ஊறுகாய் மட்டும் கூடுதலாகவே கொடுத்து விடுங்கள்.

- ஒரு வாசகி, நாகர்கோவில்