வாசலடிக் கைப்பை

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பழுப்புநிறக் கைப்பை ஒன்று தொங்குகிறது. அம்மாவுடையது. காசோ சீப்போ அதற்குள் இல்லை. பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் பதிவு, அடையாள அட்டைப் பிரதிகள், ஊர்க் காணியின் உறுதி, அப்பாவின் ஓய்வூதியக் கடிதங்கள். 1983 யூலைக் கலவரத்தில் நாங்கள் இருந்த வாடகை வீடு எரிந்தபோது ஒரு கையில் என்னையும் தோளில் இந்தப் பையையும் கொண்டுதான் அம்மா வெளியேறினார். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இதைத் தலைக்கு வைத்துப் படுத்தார். அகதிகளை ஏற்றிய லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனபோதும் மடியைவிட்டு இறக்கவில்லை. பைக்குள் இருந்தவை தப்பின. அலுமாரியில் இருந்த அப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் சாம்பலாகின. தான் படித்தவன் என்பதை ஒவ்வொரு அலுவலகத்திலும் புதிதாக நிரூபிக்க வேண்டிய நிலை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

பிறகு கொழும்புக்குத் திரும்பிக் கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டும் இந்தப் பைக்குள் சேர்ந்தது. 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பேருந்துகளில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் கொழும்பில் நிற்பதற்கான காரணத்தைக் காட்டும் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்த காலம் அது. ஆகவே கடதாசி விஷயத்தில் அம்மா காட்டும் கவனத்தை நான் ஒருநாளும் மிகையென்று நினைத்ததில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் பையைத் திறந்து பார்த்தபோது மனம் பதறியது. கடற்கரை வீடுகளின் உப்பு ஈரத்தில் ஸ்டேப்ளர் கம்பிகள் துருவேறிக் கடதாசியைத் தின்றிருந்தன. பொலித்தீன் உறைக்குள் இருந்த ஒரு சான்றிதழின் மை உறையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வாரம் இருந்து எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்தேன். அறுநூறுக்கு மேற்பட்ட படங்கள். வேலை முடிந்ததென்று நிம்மதியாக இருந்தேன்.

முடியவில்லை. ரொறன்ரோவிலிருந்து அண்ணா ஒருநாள் இரவு அழைத்தார்.

"தங்கச்சி, அந்தக் காணி உறுதி எந்த வருஷத்து எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு. அற்றோணித் தத்துவம் எழுதவேணும்."

"பொறுங்கோ அண்ணா, போனுக்குள்ளதான் கிடக்கு."

ஒரு மணித்தியாலம் தேடினேன். எல்லாப் படத்துக்கும் கமரா வைத்த இலக்கம்தான் பெயர். வெள்ளைக் கடதாசி, மங்கிய எழுத்து, வட்ட முத்திரை என்று சிறிய திரையில் எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தன. கடைசியில் அம்மா எழும்பிவந்து, பையில் கைவிட்டு, கண்ணாடி போடாமலே உறுதியை எடுத்துத் தந்தார். அவருக்குப் பைக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. நான் செய்த ஸ்கேனில் அது இல்லை.

அந்த ஒழுங்கு எங்கேயிருந்து வரும் என்பதை நான் கற்றது நூலகம் இணையத்தளத்திலிருந்து. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம் நாங்கள். 2005இல் தொடங்கிய இந்த இணையத்தளம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. அங்கே ஒரு பழைய சஞ்சிகையைத் திறந்து பாருங்கள். முதலில் நூலக எண், பிறகு வெளியீடு, இதழாசிரியர், மொழி, பக்கங்கள். அதன்பின்தான் வாசிப்பதற்கான கோப்பு. கீழே உள்ளடக்கம் முழுவதும் யாரோ ஒருவர் கையால் தட்டச்சுச் செய்த எழுத்தில் இருக்கும். நாம் தேடும்போது அகப்படுவது அந்த எழுத்து. ஸ்கேன் என்பது கடதாசியின் நிழற்படம். அது என்ன கடதாசியென்று பக்கத்தில் மனிதர் யாராவது எழுதிவைத்தால்தான் கணினிக்குத் தெரியும்.

அதையே வீட்டிலும் செய்யத் தொடங்கினேன். நான் பாவிப்பது ஜோப்ளின் என்ற இலவசக் குறிப்பேட்டுச் செயலி. வேறு எதையும் பாவிக்கலாம். செயலி மூடப்பட்டாலும் குறிப்புகளையும் இணைப்புகளையும் வெளியே எடுக்கமுடியுமா என்பதை மட்டும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கடதாசிக்கு ஒரு குறிப்பு. தலைப்பில் முதலில் ஆண்டு, மாதம், நாள். பிறகு என்ன கடதாசி, யாருடையது. 1968-09-12 கலியாணப் பதிவு அம்மா அப்பா, இப்படி. ஆண்டை முன்னால் வைத்தால் குறிப்புகள் தாமாகவே கால ஒழுங்கில் நிற்கும். உள்ளே ஸ்கேனை இணைத்து, கீழே நாலு வரி எழுதுகிறேன்: பதிவு இலக்கம், எந்தப் பிரிவில் பதிந்தது, கடைசியாக எதற்குப் பாவித்தோம், அசல் எங்கே இருக்கிறது.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்தாலும் பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுக்கலாம். இல்லாவிட்டால் ஏடுகளைத் தேடவைக்க வேண்டும். ஆகவே படம் மங்கலாக இருந்தாலும் அந்த இலக்கத்தை ஒருபோதும் எழுதாமல் விடுவதில்லை.

முதலில் குறிப்புகளைக் காணி, வங்கி, மருத்துவம் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தேன். சரிவரவில்லை. கலியாணப் பதிவு ஓய்வூதியத்துக்கும் வேண்டும், காணிக்கும் வேண்டும், அண்ணா வீட்டு ஸ்பொன்சருக்கும் வேண்டும். எந்தப் பெட்டியில் போடுவது? குறிச்சொல் இருப்பது இதற்குத்தான். ஒரே குறிப்பில் மூன்று சொல்லையும் போட்டுவிட்டால் எந்த வழியால் வந்தாலும் அகப்படும். அலுவலகக் கவுண்டரில் இருப்பவர் என்ன கேட்பாரோ அதுவே குறிச்சொல்.

காணி உறுதியை எடுத்து நிதானமாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. 1962இல் நொத்தாரிசு எழுதியது. தடித்த கடதாசி, மடிப்புகளில் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. காணியின் பெயர், பரப்பு 3, குழி 6 (16 பரப்பு ஓர் ஏக்கர்), பிறகு நாலு எல்லைகள். கிழக்கே யார், வடக்கே எந்த ஒழுங்கை என்று ஒரு முழு அயலே அந்தப் பந்திக்குள் உயிரோடு இருக்கிறது. முதற்தடவை நான் முன்பக்கங்களை மட்டுமே ஸ்கேன் செய்திருந்தேன். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காணிப் பதிவகத்தின் முத்திரையும் ஏடு, பக்க இலக்கங்களும் கண்ணில் பட்டன. முதுகுப்பக்கம்தான் அந்த உறுதியின் உயிர். அன்றிலிருந்து வெறுமையாக இருந்தாலும் பின்பக்கத்தையும் எடுக்கிறேன்.

எழுத்தைக் கணினியே வாசிக்காதா என்று கேட்பீர்கள். ஓரளவு வாசிக்கும். டெசராக்ட் போன்ற இலவச மென்பொருள்கள் அச்சுத் தமிழையும் சிங்களத்தையும் வாசிக்கின்றன. ஆனால் துதிக்கை வைத்த பழைய லை, னை வந்தால் தடுமாறும். நொத்தாரிசின் கையெழுத்திலோ முத்திரை விழுந்த இடத்திலோ நம்பவே முடியாது. யுனிகோடு பரவுமுன் கொழும்புக் கடைகளில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னொரு சிக்கல். நமக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்து வரிசை. தமிழில் தேடினால் வராது, முதலில் யுனிகோடுக்கு மாற்றவேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலையிடி பெயர். அம்மாவின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றில் கடைசியில் வை, ஒன்றில் ஐ, இன்னொன்றில் நடுவில் எச் இல்லை. மூன்றும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து வைத்திருக்கிறோம். குறிப்பில் மூன்று எழுத்துக்கூட்டலையும் எழுதிவிடுகிறேன். அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான்: 2016க்கு முந்தியது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். இரண்டையும் எழுதவேண்டும்.

ஸ்கேன் இருக்கிறதென்று அசலை எறிந்துவிட வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் ஊடுசெயல்கள் சட்டம் மின் ஆவணங்களுக்குச் சட்ட வலு தருகிறது. ஆனால் இறுதி விருப்பாவணம், அற்றோணித் தத்துவம், காணி விற்பனை போன்றவற்றுக்கு அது பொருந்தாது. அங்கே கடதாசிதான் பேசும். லமினேட் செய்வதையும் தவிருங்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைப் பிறகு கடதாசியைக் கிழிக்காமல் பிரிக்கமுடியாது. அமிலமற்ற கடதாசி உறை போதும், கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

குறிப்பேட்டை மறையாக்கம் செய்து மேகச் சேமிப்பில் ஒன்று, வீட்டு வன்தட்டில் ஒன்று, அண்ணாவிடம் ஒன்று என்று வைத்திருக்கிறேன். கடவுச்சொல் அம்மாவின் பைக்குள், ஒட்டிய உறையில் இருக்கிறது.

அண்ணாவுக்கு உறுதியின் விவரத்தை இப்போது அரை நிமிடத்தில் அனுப்புகிறேன். போன கிழமை அம்மா பக்கத்தில் வந்திருந்து திரையைப் பார்த்தார். எல்லைப் பந்தியை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"கிழக்கால எழுதியிருக்கிற மனிசி அப்பவே மோசம் போயிட்டா. அவவின்ர மேள் இப்ப லண்டனில. அதையும் எழுது பிள்ளை."

எழுதினேன். கிணற்றில் அரைப்பங்கு எங்களுக்கு என்பதையும், வடக்கு வேலியில் நின்ற பூவரசை யார் நட்டார் என்பதையும் சொன்னார். அவற்றையும் எழுதினேன். உறுதியில் இல்லாத பதினொரு வரிகள் இப்போது அந்தக் குறிப்பில் இருக்கின்றன. கலியாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து வைத்த இருவரைப் பற்றி நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, உறுதியைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்து, பையைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.