வெளுத்த பவளம் செத்த பவளமா?

வெம்பக்கோட்டையை ஒட்டி ஓடும் வைப்பாறு எங்கே போய்ச் சேருகிறது தெரியுமா? மன்னார் வளைகுடாவில். அந்தக் கடலில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் இருக்கின்றன. 2016 கோடையில் கடல்நீர் சூடேறியபோது அவை பரவலாக வெளுத்துப் போயின. பார்ப்பவர்கள் 'செத்துவிட்டது' என்றே நினைத்திருப்பார்கள். அது சரியா?

பவளம் கல் அன்று. சுண்ணாம்புக் கூட்டின்மேல் குடியிருக்கும் சிறு உயிர்களின் கூட்டம் அது. அவற்றின் உடல் கண்ணாடிபோல் தெளிவானது. நிறம் தருவது உள்ளே வாழும் நுண்பாசி. வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்குப் பெரும்பங்கு ஊட்டுவதும் அதுவே. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஓரிரு பாகை கூடுதலான வெப்பம் சில வாரம் நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. அப்போது தெளிந்த சதை வழியே சுண்ணாம்பு தெரிகிறது. அதுதான் அந்த வெண்மை. ஆகவே வெளுத்த பவளம் பட்டினி கிடக்கும் பவளமே. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி மறுபடி பெருகும், பவளம் பிழைத்துக்கொள்ளும். தணியாவிட்டால் சதை அழியும். வெறுங்கூட்டின்மேல் சில நாளிலேயே பச்சை, பழுப்புப் பாசி படரும். மன்னார் வளைகுடாவில் 2016-இல் கிளைப் பவளங்கள் பெரிதும் மடிந்தன. உருண்டையான, பருத்த இனங்கள் பல மீண்டன.

கடலில் மட்டுமல்ல, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கும் வெளிநாட்டார்க்கும் இதே குழப்பம்தான். (நம் நாட்டில் அந்த ஆசை வேண்டாம். 2001 முதல் கற்பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.) வெண்மை எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். கிளையின் நுனி மட்டும் வெளுத்திருந்தால் பயமில்லை; அது புதிதாக வளரும் இடம். அடியிலிருந்து சதை உரிந்து, கோடு கிழித்தாற்போல் வெண்மை மேலேறினால் அது ஆபத்து. முழுவதும் வெளுத்திருந்தால் உருப்பெருக்கியால் நோக்குங்கள். பளபளக்கும் சதையும் நீட்சிகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பகலில் நீட்சிகள் உள்ளிழுத்திருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். பல இனங்கள் இரவில்தான் அவற்றை விரிக்கும்.

நிறம் கூடினாலும் நலம் என்று சொல்லிவிட முடியாது. வண்ணமயமாக இருந்த பவளம் பழுப்பேறினால், வெளிச்சம் குறைந்தோ நீரில் சத்து மிகுந்தோ பாசி அளவுமீறிப் பெருகியிருக்கலாம். அதற்கு விளக்கையும் நீரையும் சோதிக்க வேண்டும்.

ஒரு நாள் பார்வை போதாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய வண்ண அட்டையில் நிறங்களின் அடர்த்திக்கு 1 முதல் 6 வரை எண்கள் உண்டு. பவளத்தின் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்து வைப்பார்கள். அதே பவளத்தைச் சில வாரம் கழித்துப் பார்க்கையில் எண் இரண்டு இறங்கியிருந்தால், கண்ணுக்கு இன்னும் வெள்ளையாகத் தெரியாதபோதே அது பாசியை இழக்கத் தொடங்கிவிட்டது.