மென்பொருள் உரிமம்: எதைத் தேர்ந்தெடுப்பது, ஏன்?

தங்கவயல்காரர்களாகிய நமக்கு உரிமம் என்பது புதிய சங்கதி அன்று. பூமி மைசூர் அரசுக்குச் சொந்தம். 1880-இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனி குத்தகைக்கு எடுத்துத் தோண்டியது. எடுத்த தங்கத்துக்கு அரசுக்கு ராயல்டி கட்டியது. சொந்தம் ஒருவருக்கு, தோண்டும் அனுமதி மற்றொருவருக்கு, அந்த அனுமதிக்குச் சில நிபந்தனைகள். மென்பொருள் உரிமம் என்பதும் இவ்வளவுதான்.

2001-இல் சுரங்கம் மூடிய பிறகு, மாரிகுப்பம் ரயிலேறி பெங்களூர் போய் வரும் நம்ம பிள்ளைகளில் பலர் கணினி நிரல் எழுதுகிறார்கள். ஓய்வு நேரத்தில் தமிழுக்கென்று சொற்பட்டியல், பிழை திருத்தி என ஏதாவது செய்கிறார்கள். உரிமம் என்ன என்று கேட்டால், "யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டுமே அங்கிள்" என்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் சட்டத்துக்கு அது போதாது.

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பு. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும். பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆசிரியர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு அது நிற்கும். ஆகவே உரிமம் எழுதாமல் விட்டால் பொதுவில் வைத்ததாக ஆகாது. பூட்டி வைத்ததாகவே பொருள். பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாட்டின் உரிமையை அன்றைய சென்னை அரசு 1949-இல் வாங்கி, பிறகுதான் மக்களுக்கு விட்டது. ஊருக்காகப் பாடியவருக்கே இந்த நிலை.

சரி, என்னென்ன உரிமங்கள் உள்ளன? மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, தளர்ந்த உரிமம். எம்.ஐ.டி., அப்பாச்சி ஆகியவை இவ்வகை. எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம், மூடியும் வைக்கலாம். ஆக்கியவரின் உரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் மட்டும் நீக்கக் கூடாது. அப்பாச்சி, காப்புரிமை எனப்படும் பேட்டன்ட் அனுமதியையும் சேர்த்துத் தருகிறது.

இரண்டாவது, கைமாறினாலும் திறந்தே இருக்கும் உரிமம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட ஜி.பி.எல். இதற்கு முன்னோடி. திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால், மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். தன் கடைக்குள் மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 'கட்டற்ற' என்றால் இலவசம் என்று எண்ண வேண்டாம். காசு வாங்கலாம், கட்டுப் போடத்தான் கூடாது.

மூன்றாவது, மூடிய உரிமம். பயன்படுத்த மட்டும் அனுமதி. உள்ளே பார்க்க அனுமதி இல்லை. எங்கள் பாத்திரக் கடையில் பில் போட அப்படி ஒன்று வைத்திருந்தோம். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது வரி விகிதத்தை மாற்ற வேண்டும். எழுதிக் கொடுத்தவர் ஊரில் இல்லை, மூல நிரல் எங்களிடம் இல்லை. இரண்டு மாதம் கையால்தான் பில் எழுதினோம். காசு கொடுத்தது உண்மை. திருத்தும் உரிமை மட்டும் வந்து சேரவில்லை.

பொருளுக்குத் தக்க உரிமம் வேண்டும் என்பதற்கு லோஹித் தமிழ் எழுத்துரு நல்ல சான்று. ரெட் ஹேட் நிறுவனத்தின் இந்த எழுத்துரு முதலில் ஜி.பி.எல்.லில் வந்தது, 2011-இல் எழுத்துருக்களுக்கென்றே அமைந்த ஓ.எஃப்.எல். உரிமத்துக்கு மாறியது. எழுத்துரு நாம் ஆக்கும் ஆவணத்துக்குள்ளேயே பதிந்து போகிறது. அப்போது ஆவணத்தையும் நிபந்தனை பிடிக்குமோ என்ற ஐயம் எழும். பிடிக்காது என்று ஓ.எஃப்.எல். தெளிவாகச் சொல்கிறது. எழுத்துருவைத் தனியே விற்கக் கூடாது. திருத்தியதும் அதே உரிமத்தில்தான் வர வேண்டும். அதுபோல நூல், கட்டுரை, படம் ஆகியவற்றுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் பொருந்தும். நிரலுக்கு அதைப் போடுவது சரியல்ல.

தேர்ந்தெடுக்கும் முன் தம்பிகள் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும்:

ஒன்று, இது என் சொத்துதானா? வேலையின் பகுதியாக எழுதியது பொதுவாகக் கம்பெனிக்கே சொந்தம். வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடவும்.

இரண்டு, பிறர் நிரலை உள்ளே சேர்த்திருக்கிறேனா? எம்.ஐ.டி. நிரலை ஜி.பி.எல். வேலைக்குள் சேர்க்கலாம். ஜி.பி.எல். நிரலைச் சேர்த்து மூடிய பொருளாக வெளியிட முடியாது.

மூன்று, நிறையப் பேர் எடுத்தாள வேண்டுமா, எடுத்தவர் திருப்பித் தர வேண்டுமா? முதலாவதற்கு எம்.ஐ.டி., இரண்டாவதற்கு ஜி.பி.எல்.

நான்கு, பின்னால் மாற்ற நேருமா? கொடுத்ததைத் திரும்பப் பெற இயலாது. அடுத்த பதிப்பை மாற்றலாம். ஆனால் பலர் கைபட்ட நிரலென்றால் அவரவர் சம்மதம் வாங்குவது பெரும்பாடு. ஆகவே முதல் நாளே முடிவு செய்வது நல்லது. உரிமத்தின் முழு வாசகத்தைத் தனிக் கோப்பாக, பெயரும் ஆண்டும் இட்டு, நிரலோடு வையுங்கள்.

10-ஆம் நூற்றாண்டில் இதே கன்னட மண்ணில் அத்திமப்பே என்ற சமணப் பெருமாட்டி, பொன்னரின் சாந்தி புராணத்தை 1000 படிகள் எழுதச் செய்து தானமாக வழங்கினார். சாத்திர தானம் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். ஏடு முழுதாகக் கைக்கு வந்தால்தான் அடுத்தவர் படிக்கவும் படியெடுக்கவும் முடியும். நிரலும் அப்படியே. கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், வாங்குபவர் அச்சமின்றி ஆளும்படி எழுதிக் கொடுங்கள்.