மீன் தொட்டிக்குச் செடி வாங்குகிறீர்களா? பில்லை விடாதீர்கள்

லக்கி பேம்பூ நீர்த்தாவரம் அல்ல. மூங்கிலும் அல்ல. அது ட்ரசீனா வகையைச் சேர்ந்த தரைச்செடி. வேர் மட்டும் தண்ணீரில் நின்றால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். இலையோடு சேர்த்து மூழ்கடித்தால் அழுகும். ஆனாலும் அது மீன் தொட்டிச் செடியாக விலைபோகிறது. வாங்கி வந்து முழுக்க மூழ்கடித்துவிட்டு, மீன் மிதந்ததும் "நமக்குக் கைராசி இல்லை" என்று நொந்துகொள்ளும் வீடுகளுக்கும் குறைவில்லை.

வெள்ளைக் கோடு ஓடும் மாண்டோ புல், சின்கோனியம், ஊதா இலை ஹெமிகிராஃபிஸ், பீஸ் லில்லி எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். தண்ணீருக்குள் சில வாரம் பச்சைப்பசேலென்று நிற்கும். ஆபத்து அங்கேதான். பிறகு அடித்தண்டு கொழகொழத்து, இலை கழன்று, தண்ணீரில் அம்மோனியா ஏறும். நாலடித் தொட்டி அதைக் கொஞ்சம் தாங்கும். முப்பது லிட்டர் தொட்டி தாங்காது; கப்பியும் ஃபைட்டரும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும்.

கடையில் நிற்கும்போதே பாதி கண்டுபிடித்துவிடலாம். வாலிஸ்நேரியா, கபோம்பா, ஹைட்ரில்லா போன்றவற்றைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் துவண்டு தொங்கும். நிமிர்ந்து நிற்கத் தேவையான வலு அவற்றின் தண்டில் கிடையாது. மெழுகு பூசியதுபோல் மினுங்கும் விறைப்பான இலை, வெள்ளை வரி, மரம்போன்ற தண்டு இருந்தால் சந்தேகப்படுங்கள். அனுபியாஸ் போன்ற சில இந்தச் சோதனைக்கு விலக்கு. இலை விறைப்பாக இருந்தாலும் தண்ணீருக்குள் நன்றாக வாழும்.

ஓரடி, இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், வாலிஸ்நேரியா ஆகியவற்றோடு தொடங்குவது நல்லது. நம் ஊரிலேயே இயல்பாக வளரும் நீர்ப்பிரமியும் (கடைகளில் பகோபா) நல்ல தேர்வு. இவற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டாம். தினமும் ஆறு முதல் எட்டு மணி நேர விளக்கு போதும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் தடித்த கிடைத்தண்டையும் மணலில் புதைக்கவே கூடாது. கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். புதைத்தால் அழுகும். எத்தனை முறை சொன்னாலும் புதைக்கிறார்கள்! தரையில் கம்பளம்போல் படரும் குட்டிச் செடிகளின் படத்தைக் காட்டி ஆசையைக் கிளப்புவார்கள். அவற்றில் பல பலமான வெளிச்சமும் சிலிண்டரும் கேட்பவை. தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டும் சென்னைக் கோடையில் படுத்துவிடுபவை.

வாங்கிய செடியை நேரே தொட்டியில் போடாதீர்கள். ஒரு வாரமாவது தனி வாளியில் வைத்துத் தண்ணீரை மாற்றுங்கள். இலையடியில் வழவழப்பாக ஒட்டியிருக்கும் நத்தை முட்டைகள் அப்போது கண்ணில் படும். பூச்சிமருந்து ஒட்டியிருந்தால் பெரும்பகுதி கழுவிப்போகும். தொட்டியில் இறால் இருந்தால் இது கட்டாயம்; மீனுக்கு ஒன்றும் செய்யாத அளவு மருந்துகூட இறாலைக் கொன்றுவிடும்.

இனி பில். இந்த வியாபாரத்தில் யாரும் கேட்காதது அதைத்தான். கேளுங்கள். செடியின் பெயரையும் "முழுவதும் நீரில் மூழ்கி வளரும்" என்ற வரியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடைக்காரர், விற்பது என்னவென்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அச்சடித்த வரியைப் பார்த்துப் பயந்து திரும்பாதீர்கள். ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: கிரிப்டோகோரைன் போன்ற நீர்ச்செடிகள் புதுத் தண்ணீரில் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும். அது கடையின் குற்றமல்ல.

ஆன்லைனில் வாங்கினால் பொட்டலம் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கட்டணமில்லை. புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். பில், பணம் செலுத்திய சான்று, படங்கள், கடைக்கு அனுப்பிய செய்தியும் வந்த பதிலும், இவ்வளவுதான் காகிதம். இருநூறு ரூபாய்ச் செடிக்கு ஆணையமா என்று சிரிக்கலாம். பதினைந்தாயிரம் செலவில் அமைத்த தொட்டி ஒரு வாரத்தில் நாறும்போது சிரிப்பு வராது.

வெளிநாட்டுத் தளங்களில் மலிவாகக் கிடைக்கிறது என்று செடியோ விதையோ தருவிப்பது வேறு ரகச் சிக்கல். 2003ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சென்னையில் இதைக் கவனிப்பது மீனம்பாக்கத்தில் உள்ள மண்டலத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம். "கிஃப்ட்" என்று எழுதி வரும் பொட்டலத்துக்கு விலக்கு கிடையாது.

கடைசியாக, யாரும் காதில் போட்டுக்கொள்ளாத எச்சரிக்கை. பழைய செடியைக் குளத்தில் விடாதீர்கள். 2020 நவம்பரில் கேரளத்தின் பேராம்பிரா அருகே ஆவளப்பாண்டியில் நீர்நிலை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்தது. கூட்டம் கூட்டமாகப் போய்ப் படமெடுத்தார்கள். செடியைப் பிடுங்கி வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கபோம்பா, மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் செடி. ஒரு துண்டுத் தண்டு போதும், புதுச் செடி முளைக்க. நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டுபோகப்பட்டதுதான். அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்த 2022ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத் திருத்தம் மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. கடைத் தொட்டிகளை எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஆகவே தொட்டியைக் காலி செய்யும் நாளில் செடியை மொட்டைமாடி வெயிலில் சருகாகும்வரை காயப்போட்டு, பூந்தொட்டிக்கு உரமாகப் போடுங்கள். ஏரியில் வேண்டாம், கோயில் குளத்தில் வேண்டாம், மழைநீர் வடிகாலிலும் வேண்டாம்.