தையலறையில் ஒழுங்கு

கண்டி மாநகரைச் சுற்றி வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் சகோதரிகள் பலர். கட்டுகஸ்தோட்டையில் நானும் அப்படித்தான். வீட்டின் முன்னறையே எனது தையலறை. பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான்.

பாடசாலை தொடங்கும் காலத்தில் சீருடைத் துணிகள் குவியும். 1993இல் ஆரம்பமான இலவசச் சீருடைத் திட்டத்தின் துணி, பிள்ளைக்கு அளவாகவே கிடைக்கிறது. பெரும்பாலும் எல்லாம் வெள்ளை. ஒரு கைத்துண்டு மாறினாலும் ஓர் ஏழைத் தாய் வேறு துணி வாங்க நேரிடும். எனவே ஒழுங்கு அழகுக்காக மட்டுமல்ல, பிறர் பொருளைக் காப்பதற்காகவும்தான்.

'தைத்து முடிந்ததும் ஒதுக்கலாம்' என்று விடாதீர்கள். வெட்டியவுடன் ஒருவருடைய துண்டுகளை எல்லாம் சுருட்டி, பெயரும் அளவும் எழுதிய சீட்டுடன் ஒரே பையில் இடுங்கள். அதன் பின்பே அடுத்த துணியை விரியுங்கள். குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். தரையில் ஒரு காந்தத்தை ஓட்டினால் பிள்ளைகளின் பாதம் தப்பும். மெஷினுக்கு எண்ணெய் விட்டால், முதலில் பழந்துணியில் சற்றுத் தைத்துப் பாருங்கள்.

கண்டியின் மழைக்கால ஈரத்தில் ஊசி துருப்பிடிக்கும். வெள்ளைத் துணியில் பூஞ்சணப் புள்ளி விழும். ஊசிகளை மூடிய டின்னில் வையுங்கள். துணிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள்.

இரவில் மெஷினை மூடுமுன் பைகளை எண்ணுங்கள். கணக்குச் சரியென்றால் நிம்மதியாக உறங்கலாம்.